பைசன் மேயும் மாநிலப் பூங்கா

அமெரிக்காவின் இயற்கைப் பூங்காக்களில் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களின் பெயர்தான் உலகெங்கும் தெரிந்திருக்கிறது. அவை வாஷிங்டனில் உள்ள ஒன்றிய அரசின் பொறுப்பில் இருப்பவை. அவை போக, ஒவ்வொரு மாநில அரசும் தன் மக்களுக்கென்று தனியாகப் பூங்காக்களை வைத்திருக்கிறது. 'ஸ்டேட் பார்க்' எனப்படும் இவற்றில் பெரும்பாலானவை சிறியவை. ஓர் ஏரி, அதைச் சுற்றி நடைபாதை, கூடாரம் அடிக்கக் கொஞ்சம் இடம், தூண்டில் போட ஒரு கரை, அவ்வளவுதான். சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊர்க் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து பொழுதைக் கழித்துவிட்டுப் போகும். தெற்கு டகோட்டா மாநிலத்தின் கஸ்டர் பூங்காவும் ஒரு மாநிலப் பூங்காதான். ஆனால் அதன் பரப்பு சுமார் 71,000 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 287 சதுர கிலோமீட்டர். அதனுள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைசன்கள் மேய்கின்றன.

முதுமலையிலும் வால்பாறையிலும் வழிகாட்டிகள் பைசன் என்று சுட்டிக்காட்டுவது நம் காட்டுமாட்டை. அமெரிக்கப் பைசன் வேறு விலங்கு. தோளில் பெரிய திமில், தலையிலும் முன்னங்கால்களிலும் அடர்ந்த சடைமயிர், தாடி, குட்டையான கொம்புகள். பின்பாகம் மட்டும் ஒட்டக் கத்தரித்ததுபோல் ஒடுங்கியிருக்கும். வளர்ந்த காளை 900 கிலோவரை எடை போடும். அத்தனை எடையோடும் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளூர்க்காரர்கள் அதைப் 'பஃபலோ' என்றே சொல்கிறார்கள்.

தெற்கு டகோட்டாவின் மேற்கு ஓரத்தில், சமவெளிக்கு நடுவே பிளாக் ஹில்ஸ் என்னும் மலைத்தொடர் எழுகிறது. பைன் மரங்கள் நெருங்கி நிற்பதால் தூரத்திலிருந்து பார்க்கக் கருமையாகத் தெரியும் மலைகள் அவை. கஸ்டர் பூங்கா அந்த மலைகளில் தொடங்கிச் சமவெளியின் புல்வெளியில் முடிகிறது. வடக்கே சுமார் 170 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் பாறைகள் ஊசி ஊசியாக வானை நோக்கி நிற்கின்றன. நடுவே பாண்டரோசா பைன் காடு. தெற்கே மரங்கள் குறைந்து, மேடும் பள்ளமுமாகப் புல்வெளி விரிந்து, விண்ட் கேவ் தேசியப் பூங்காவின் எல்லையைத் தொடுகிறது. காடும் புல்லும் இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்பதால்தான் மலை ஆட்டையும் புல்வெளி மானையும் ஒரே நாளில் பார்த்துவிட முடிகிறது.

இந்த நிலம் பூங்காவானதற்குப் பின்னால் ஒரு நிலப் பரிமாற்றம் இருக்கிறது. 1889இல் தெற்கு டகோட்டா தனி மாநிலமானபோது, பள்ளிகளுக்கு வருமானம் வரட்டும் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் 16ஆம், 36ஆம் எண் நிலத் துண்டுகள் மாநிலத்துக்குக் கொடுக்கப்பட்டன. பிளாக் ஹில்ஸில் அவை ஒன்றிய அரசின் காடுகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்து யாருக்கும் பயன்படாமல் போயின. அவற்றையெல்லாம் ஒன்றிய அரசிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரே தொகுப்பாகக் காட்டு நிலத்தை 1912இல் மாநிலம் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அது வேட்டை விலங்குகளுக்கான காப்பிடமாயிற்று. 1919இல் மாநிலப் பூங்கா என்ற தகுதி பெற்றது. தெற்கு டகோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா இதுவே. இந்த முயற்சிகளுக்குப் பின்னால் இருந்தவர் பீட்டர் நார்பெக். கிணறு தோண்டும் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்து, மாநில ஆளுநராகி, பிறகு வாஷிங்டனில் செனட்டரானவர். பூங்காவின் சாலைகளில் இன்றும் அவர் கை தெரிகிறது.

காப்பிடம் அமைத்தபோது அதில் காப்பதற்குப் பெரிய விலங்குகள் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை. 1874இல் ஜார்ஜ் கஸ்டர் தலைமையில் சுமார் ஆயிரம் பேர் கொண்ட ராணுவப் பயணக் குழு இந்த மலைகளுக்குள் வந்தது. பூங்காவின் வழியே இன்று ஓடும் ஃபிரெஞ்ச் கிரீக் என்னும் ஓடையில் தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியது. தங்கம் தேடி வந்த கூட்டம் கண்ணில் பட்ட விலங்குகளையெல்லாம் அடித்துத் தின்றது. அதே காலத்தில் சமவெளியெங்கும் தோலுக்காகப் பைசன் வேட்டை நடந்தது. கோடிக்கணக்கில் இருந்த பைசன்கள் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே குறைந்தன. எல்க் மானும் மான்போன்ற பிராங்ஹார்னும் பிளாக் ஹில்ஸில் அற்றுப் போயின. இங்கே வாழ்ந்த பெருங்கொம்பு ஆட்டின் உள்ளூர் வகை உலகத்திலிருந்தே மறைந்துவிட்டது.

ஆகவே இந்தப் பூங்காவில் இன்று பார்க்கும் காட்டு வாழ்க்கை தானாகத் தப்பிப் பிழைத்தது அல்ல. மனிதர்கள் அழித்ததை மனிதர்களே தேடிக் கொண்டுவந்து சேர்த்தது. ஃபோர்ட் பியர் நகருக்கு அருகே ஸ்காட்டி ஃபிலிப் என்ற பண்ணைக்காரர், அழிவின் விளிம்பில் சிலர் பிடித்து வளர்த்த பைசன்களை வாங்கிப் பெருக்கியிருந்தார். அவர் இறந்தபின், 1914இல் அந்த மந்தையிலிருந்து 36 பைசன்களை மாநிலம் விலைக்கு வாங்கியது. இன்றைய மந்தை அவற்றின் வழிவந்தது. எல்க் மான்கள் வயோமிங்கிலிருந்து வந்தன. பெருங்கொம்பு ஆடுகள் முதலில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து வந்தன. மலை வெள்ளாடுகளின் வரவு எதிர்பாராதது. 1924இல் ஆல்பர்ட்டாவிலிருந்து ஆறு வெள்ளாடுகளைக் கொண்டுவந்து பூங்காவில் ஓர் அடைப்பில் வைத்தார்கள். அவை ஒவ்வொன்றாக வேலி தாண்டிப் பாறைகளில் ஏறிவிட்டன. உச்சிப் பாறைகளில் இன்று வெள்ளை வெளேரென்று நிற்பவை அவற்றின் சந்ததிதான். பிளாக் ஹில்ஸுக்கு அவை சொந்தமல்ல என்பதால் அவற்றைச் சேர்த்ததில் சூழலியலாளர்களுக்கு முழு உடன்பாடு இருக்க முடியாது. ஆனாலும் பாறையேற வருகிறவர்களுக்கு அவற்றைப் பார்ப்பதில் இருக்கும் மகிழ்ச்சி உண்மையானது.

பைசன் மந்தை வேகமாகப் பெருகியதில் புதிய சிக்கல் வந்தது. 1940களில் எண்ணிக்கை 2,500ஐத் தாண்டியபோது புல் போதவில்லை. ஓநாயும் கிரிஸ்லி கரடியும் இல்லாத, வேலியிட்ட நிலத்தில் எண்ணிக்கையைக் குறைக்க வேறு யாரும் இல்லை. அந்த வேலையைப் பூங்கா நிர்வாகமே ஏற்றது. 1960களில் தொடங்கிய ஆண்டு விரட்டிச் சேர்ப்பு இன்று மாநிலத்தின் பெரிய திருவிழா. 'பஃபலோ ரவுண்டப்' என்பது அதன் பெயர். வழக்கமாகச் செப்டம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அது நடக்கிறது.

அன்று இருட்டிலேயே வாகனங்கள் புல்வெளிக்குள் வரிசை கட்டும். இருபதாயிரம் பேர் வரை கூடுவதுண்டு. காலையில் குறித்த நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டுமே இடம். மந்தை முழுதும் பட்டியில் அடையும்வரை, ஏறக்குறைய நண்பகல்வரை, யாரும் இடத்தைவிட்டுப் போகக் கூடாது. செப்டம்பர் காலையின் குளிர் கம்பளியைத் துளைக்கும். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு எதிரே உள்ள மேட்டுக்குப் பின்னாலிருந்து புழுதி எழும். புழுதிக்குக் கீழே கரும்பழுப்பாக ஒரு கோடு வழியும். கோடு அகன்று, சரிவில் இறங்கி, தனித்தனித் திமில்களாகப் பிரியும். குதிரைக்காரர்கள் சுமார் அறுபது பேர் பக்கவாட்டிலும் பின்னாலும் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு வருவார்கள். கூடவே சில வண்டிகளும் ஓடும். மந்தை திடீரென்று திரும்பிவிட்டால் குதிரைகள் வழிவிட்டு ஒதுங்கி, சுற்றி வந்து, மறுபடி தொடங்கவேண்டும். பைசனை ஓட்ட முடியாது, அது போக நினைக்கும் திசையைக் கொஞ்சம் திருப்பத்தான் முடியும் என்பது அந்தக் குதிரைக்காரர்களின் அனுபவம்.

பட்டிக்குள் நடப்பது முழுக்க முழுக்க மாட்டுப் பண்ணை வேலை. கன்றுகளுக்குச் சூடு போடுகிறார்கள். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய்க்கான தடுப்பூசியைப் பெண் கன்றுகளுக்குப் போடுகிறார்கள். பசுக்களின் சினை பார்க்கிறார்கள். கோடையில் 1,300 முதல் 1,500 வரை இருக்கும் மந்தையில், குளிர்காலப் புல்லுக்கு ஆயிரம்வரை போதும் என்று கணக்கிட்டு, மீதியை ஏலத்தில் விற்கிறார்கள். தனியார் பண்ணைகளும் பழங்குடி மந்தைகளும் வாங்குகின்றன. வயதான சில காளைகள் கட்டணம் செலுத்தும் வேட்டைக்காரர்களுக்குப் போகின்றன. விலங்குக் காப்பையும் வேட்டையையும் ஒரே இடத்தில் பார்ப்பது இந்திய வாசகருக்கு உறுத்தும். ஆனால் இந்த விற்பனைப் பணமும் வாகனங்களின் நுழைவுக் கட்டணமும் கூடார வாடகையும்தான் பூங்காவைப் பெருமளவு நடத்துகின்றன. பொழுதுபோக்க வருகிறவரின் கட்டணம் நேரே புல்வெளிக்கும் வேலிக்கும் மருந்துக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு அது. நூறாண்டுக்கும் மேலாக அந்த மந்தை தழைத்திருப்பதைப் பார்த்தால் ஏற்பாடு பலித்திருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

திருவிழா இல்லாத நாளில் வருகிறவர்களுக்கு வனவிலங்குச் சாலை இருக்கிறது. பூங்காவின் தெற்குப் பகுதியைச் சுற்றிவரும் 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர் சாலை அது. முதுமலையைப்போல் வனத்துறை வண்டியில் ஏறவேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. சொந்த காரில், விரும்பிய இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும் நல்லவை. நடுப்பகலில் விலங்குகள் நிழலுக்கும் பள்ளங்களுக்கும் போய்விடும். பைசன் கூட்டம் சாலையில் வந்து நின்றுவிட்டால் அரை மணி நேரம்கூட வண்டி நகராது. ஹாரன் அடிப்பதால் பயனில்லை. கண்ணாடிக்கு ஓர் அடி தூரத்தில், ஈ மொய்க்கும் சடைத் தலையும் ஈரமான கறுத்த மூக்கும் மெல்லக் கடந்து போகும்போது அதன் மூச்சுச் சத்தம் காருக்குள் கேட்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கன்று ஈனும் காலம். பிறந்த கன்றின் நிறம் செம்பழுப்பு. ஊர்க்காரர்கள் செல்லமாக 'ரெட் டாக்' என்கிறார்கள். சில மாதங்களில் அந்த நிறம் போய்த் தாயின் கருமை வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் காளைகள் பசுக்களுக்காக மோதிக்கொள்ளும். அப்போது அவற்றின் உறுமல் வெகு தூரத்துக்குக் கேட்கும். புழுதியில் புரண்டு புரண்டு அவை உண்டாக்கும் வட்டக் குழிகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

அதே சாலையோரத்தில் புல்வெளி நாய்களின் ஊர்கள் இருக்கின்றன. பெயரில்தான் நாய். உண்மையில் அது நிலத்தடியில் வளை தோண்டி வாழும் அணில் இனம். ஒவ்வொரு வளையின் வாயிலும் மண்ணைக் குவித்து மேடாக்கியிருக்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கவும், ஏறி நின்று நோட்டம் விடவும் அந்த மேடு உதவுகிறது. எப்போதும் ஓரிரண்டு பின்னங்காலில் நிமிர்ந்து காவல் நிற்கும். வானில் பருந்தோ தரையில் கொயோட்டி நரியோ தெரிந்தால் கீச்சென்று குரல் எழும். அடுத்த கணம் புல்வெளியில் ஓர் உயிர் இருக்காது. ஆபத்து நீங்கியபின் ஒன்று முன்னங்கால்களைத் தூக்கித் தலையைப் பின்னால் எறிந்து கூவ, அடுத்ததும் அப்படியே கூவ, ஊர் முழுக்க அது பரவும். கைவிட்ட வளைகளில் வளை ஆந்தைகள் குடியேறுகின்றன. புல்வெளி நாய்கள் கத்தரித்த இளம்புல்லைத் தேடிப் பைசன் வருகிறது. வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பூங்காவில் இதைவிடச் சுவையான காட்சி கிடைக்காது. பெரும்பாலானவர்கள் பைசனைத் தேடும் அவசரத்தில் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிராங்ஹார்ன் திறந்த புல்வெளியில் நிற்கும். மான்போல் தோன்றினாலும் மானும் அல்ல, ஆடும் அல்ல. தனிக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இனம். கொம்பின் மேலுறையை ஆண்டுதோறும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். வட அமெரிக்காவில் நிலத்தில் ஓடும் விலங்குகளில் இதுவே மிக வேகமானது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். ஆனால் வேலியைத் தாண்டிக் குதிக்கத் தயங்கி, கம்பிக்கு அடியில் நுழைந்து போகும். எல்க் மானைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது. செப்டம்பர் இரவுகளில் ஆண் எல்க் எழுப்பும் நீண்ட ஊதல் ஒலி காட்டின் மறுபக்கம்வரை போகும்.

சாலையில் வண்டியை மறித்துத் தலையை உள்ளே நீட்டும் கழுதைகள் காட்டு விலங்குகள் அல்ல. ஒரு காலத்தில் பூங்காவிலுள்ள சில்வன் ஏரியிலிருந்து மலையுச்சிக்குப் பயணிகளைச் சுமந்தவற்றின் வாரிசுகள். அந்தத் தொழில் நின்றதும் அவிழ்த்துவிடப்பட்டன. குழந்தைகளுக்குப் பூங்காவில் நினைவில் நிற்பது பெரும்பாலும் இவைதான். கேரட்டோடு வருகிறவர்களுக்கு அவற்றின் நட்பு உறுதி.

வடக்குப் பகுதியின் அழகு பாறைகளுடையது. அங்கே சாலை போட முடியுமா என்று நார்பெக் குதிரையிலும் கால்நடையாகவும் அலைந்து தடம் பார்த்தார். 1922இல் முடிந்த நீடில்ஸ் சாலை 14 மைல் நீளம். ஊசிப் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும். அதிலுள்ள ஒரு குகைப்பாதையின் அகலம் சுமார் 8 அடிதான். கார் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நுழையவேண்டும். இன்னொரு சாலையான அயர்ன் மவுண்டன் சாலை 17 மைல் தூரத்தில் 314 வளைவுகள் கொண்டது. செங்குத்தான இடங்களில் மரப் பாலங்கள் முறுக்குப் பிழிந்ததுபோல் தம்மைத் தாமே சுற்றி இறங்குகின்றன. அதன் குகைப்பாதைகள், தூரத்தில் மவுண்ட் ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள் நேரே தெரியும்படி குடையப்பட்டவை. வேகமாகப் போகிறவர்களுக்காக இந்தச் சாலைகளை நார்பெக் அமைக்கவில்லை. மெதுவாகப் போய்ப் பார்க்கவேண்டும் என்பதே அவர் எண்ணம். குளிர்காலத்தில் பனி மூடுவதால் நீடில்ஸ் சாலை அடைக்கப்படும்.

சில்வன் ஏரி மலைக்கு நடுவே அணைகட்டி உண்டாக்கிய நீர்நிலை. உருண்டு திரண்ட பாறைகள் நீருக்குள் இறங்கி நிற்கும் அதன் கரையை ஒரு மைல் பாதை சுற்றி வருகிறது. வயதானவர்களும் நடக்கலாம். படகு ஓட்டலாம், நீந்தலாம், உரிமச் சீட்டு வாங்கி ட்ரவுட் மீன் பிடிக்கலாம். 1927 கோடையில் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் மூன்று வாரம் தங்குவதாகச் சொல்லிப் பூங்காவின் கேம் லாட்ஜ் விடுதிக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டார். அவருக்கு மீன் கிடைக்காமல் போகக் கூடாது என்று விடுதியருகே ஓடும் ஓடையில் வளர்ப்பு ட்ரவுட்களை இறக்கிவிட்டார்கள்.

ஏரிக்கரையில் தொடங்கும் இன்னொரு பாதை பிளாக் எல்க் சிகரத்துக்குப் போகிறது. போய்வர ஏறத்தாழ 11 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம். 7,242 அடி உயரமுள்ள அந்த உச்சி பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே தேசியக் காட்டில் இருக்கிறது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கல்லால் கட்டிய தீக்காவல் கோபுரம் அங்கே நிற்கிறது. வானம் தெளிந்த நாளில் நான்கு மாநிலங்கள் தெரியும். ராணுவத் தளபதி ஹார்னியின் பெயரில் இருந்த சிகரம் 2016இல் லக்கோட்டா பழங்குடி ஞானி பிளாக் எல்க்கின் பெயரைப் பெற்றது. வழியில் மரக்கிளைகளில் வண்ணத் துணிகள் கட்டியிருக்கும். அவை லக்கோட்டா மக்களின் வேண்டுதல்கள். தொடக் கூடாது.

பிளாக் ஹில்ஸ் அந்த மக்களுக்குப் புனித நிலம். 1868ஆம் ஆண்டு லராமி கோட்டை உடன்படிக்கை இந்த மலைகளை அவர்களுக்கே உரியதாக்கியது. தங்கம் கிடைத்த சில ஆண்டுகளில் அமெரிக்க அரசு அவற்றைப் பறித்துக்கொண்டது. பறித்தது சட்டவிரோதம் என்று 1980இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடுங்கள் என்று லக்கோட்டா மக்கள் இன்றுவரை அதை வாங்க மறுக்கிறார்கள். பூங்காவோ அந்த மலைகளுக்குள் படையோடு வந்த கஸ்டரின் பெயரையே தாங்கியிருக்கிறது. இங்கே வருகிறவர் இந்த வரலாற்றையும் அறிந்துகொள்வதுதான் நேர்மை.

2017 டிசம்பரில் மின்கம்பியில் மரம் விழுந்து பற்றிய தீ 50,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. பூங்காவின் ஏறக்குறைய பாதி கருகியது. சில கழுதைகளுக்குத் தீக்காயம் பட்டது. பைசன்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் குளிர்கால மேய்ச்சல் போய்விட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் உலர்புல்லை வண்டி வண்டியாகக் கொடுத்தார்கள். அடுத்த வசந்தத்தில் சாம்பலுக்கு மேல் புல் செழித்தது. நெடுங்காலம் தீயே படாமல் தடுத்ததால் பைன் கன்றுகள் புல்வெளியை மெல்ல விழுங்கிவந்திருந்தன. தீ அவற்றில் பலவற்றை அகற்றிவிட்டது. கட்டுப்பாட்டோடு நிர்வாகமே தீ வைப்பதும் இங்கே வழக்கம்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு ரேபிட் சிட்டி விமான நிலையம் அருகில் இருக்கிறது. கூடார இடத்துக்கும் மரக்குடிலுக்கும் ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். கோடையில் கூட்டம் அதிகம். பிற்பகலில் இடியும் ஆலங்கட்டி மழையும் எச்சரிக்கையின்றி வரும். மே இறுதியும் செப்டம்பரும் நல்ல காலம். உயரமான புல்லில் உண்ணியும் பாறை இடுக்கில் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம் பைசனிடமிருந்து விலகி நிற்பது. குறைந்தது 100 கஜம், அதாவது சுமார் 90 மீட்டர். 2020 ஆகஸ்டில் ஒரு பெண் வண்டியைவிட்டு இறங்கிக் கன்றின் அருகே போனார். தாய்ப் பைசன் அவருடைய இடுப்பு வாரில் கொம்பைக் கோத்துத் தூக்கிச் சுழற்றியது. கால்சட்டை கழன்றதால் அவர் கீழே விழுந்து உயிர் தப்பினார். சாதுவாகப் புல் மேய்வதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வால் தொங்கி அசைந்தால் அது அமைதியாக இருக்கிறது. வால் கேள்விக்குறிபோல் உயர்ந்தால் பாயத் தயாராகிவிட்டது. வாலைப் பார்க்கும் தூரத்துக்கு வருமுன்பே காருக்குள் திரும்பிவிடுங்கள்.